ஒரு விளிம்பில் இன்ச், மறு விளிம்பில் மில்லிமீட்டர்: 5 மீட்டர் ஸ்டீல் டேப் எப்படி?

ஹார்டுவேர் கடையில் "அஞ்சு மீட்டர் டேப் ஒண்ணு குடுங்க" என்றால் அநேகமாக இதைத்தான் எடுத்து வைப்பார்கள். 19 மி.மீ. அகல மஞ்சள் பிளேடு, மேல் விளிம்பில் இன்ச், கீழ் விளிம்பில் சென்டிமீட்டரும் மில்லிமீட்டரும், உறையின் மேல் '5 மீ / 16 அடி'. வீடு கட்டுகிறவர், கிச்சனுக்கு அலமாரி போடுகிறவர், ஜன்னலுக்குத் திரை வாங்கப் போகிறவர் எல்லோர் வீட்டிலும் இது ஒன்று கிடக்கும். கொடுக்கிற காசுக்கு நல்ல பொருள்தான். இரண்டு அளவும் இருக்கிறதே, வசதி என்றுதான் வாங்குகிறோம். வேலை கெடுகிற இடமும் அதேதான்.

கோடுகளிலிருந்து தொடங்கலாம். இன்ச் பக்கத்தில் ஒரு இன்ச்சை 16 கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஆசாரிகள் சொல்லும் 'நூல்' என்பது இன்ச்சில் எட்டில் ஒன்று, ஆகவே டேப்பில் இரண்டு கட்டம் ஒரு நூல். 'மூணு இன்ச் அஞ்சு நூல்' என்றால் 3 இன்ச் தாண்டிப் பத்தாவது கோடு, 92 மி.மீ. ஒரு நூல் 3.175 மி.மீ. வருகிறது, அரை நூல் 1.6. இன்ச் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குக் கீழே கண்ணால் படிக்க முடியாது, எனவே அந்தப் பக்கத்தின் நுணுக்கம் 1.6 மி.மீ.யோடு நின்றுவிடும். எதிர் விளிம்பில் 1 மி.மீ. கோடே இருக்கிறது. சில டேப்புகளில் முதல் ஓர் அடிக்கு மட்டும் இன்ச்சை 32 கட்டமாகப் பிரித்திருப்பார்கள். பார்க்க நுணுக்கமாகத் தெரியும், ஆனால் அந்த ஓர் அடிக்குள் ஒரு நூல் நான்கு கட்டம், அதைத் தாண்டினால் இரண்டு கட்டம். அவசரத்தில் எண்ணினால் தப்பாகும். கடையில் இருந்தால் அதைத் தவிர்த்துவிட்டு வேறு எடுங்கள்.

மெட்ரிக் பக்கத்திலும் இரண்டு விதம் உண்டு. ஒன்றில் 1, 2, 3 என்று சென்டிமீட்டராக எண் போட்டிருக்கும், இன்னொன்றில் 10, 20, 30 என்று மில்லிமீட்டராக. மாடுலர் கிச்சன் வரைபடம், அடுப்பு, சிங்க் ஆகியவற்றுக்கு மேடையில் வெட்ட வேண்டிய அளவைச் சொல்லும் கட்-அவுட் தாள், கதவில் கீலின் கிண்ணம் உட்காரும் 35 மி.மீ. துளை எல்லாமே மில்லிமீட்டரில்தான் வருகின்றன. வரைபடத்தில் 564 என்று இருப்பதை சென்டிமீட்டர் டேப்பில் 56-ம் அதற்கு மேல் நாலு கோடும் என்று பார்க்க வேண்டும். ஆளுக்கு ஆள் சொல்லும்போது 'அம்பத்தாறு நாலு' என்று போய்விட்டால், கேட்கிறவர் அதை 56 இன்ச் 4 நூல் என்று எடுத்துக்கொள்ளவும் இடமிருக்கிறது. 'ஐநூத்தி அறுபத்தி நாலு' என்று சொன்னால் அந்தக் குழப்பத்துக்கு வழியே இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே மில்லிமீட்டராக எண் போட்டதைத் தேடி வாங்கலாம்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. டேப்பின் எண்கள் நுனிக் கொக்கி இடப்பக்கமும் உறை வலப்பக்கமும் இருந்தால்தான் நேராகத் தெரியும். வலக்கையால் பென்சில் பிடிப்பவர் உறையை இடக்கையில் பிடிப்பார், அப்போது எண் தலைகீழாகும். அத்தோடு எந்த விளிம்பு உங்கள் பக்கம் இருக்கிறது என்பதும் மாறிவிடும். மேல் விளிம்பில் இன்ச் உள்ள டேப்பை இப்படிப் பிடித்தால் பென்சிலுக்கு அருகில் வருவது இன்ச் விளிம்பு. மில்லிமீட்டரைப் படித்து, பிளேடுக்குக் குறுக்கே கண்ணாலேயே கோடு இழுத்து, எதிர் விளிம்பில் குறி போடுவார்கள். பிளேடு வளைந்த தகடு என்பதால் அங்கேயே 1 மி.மீ. போகும். வாங்கும்போது இரு கையிலும் மாற்றிப் பிடித்துப் பாருங்கள், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் அளவு பென்சில் பக்கம் வருகிறதா என்று.

வெளிநாட்டுச் சந்தைக்கு அடித்த டேப் சில கடைகளில் கிடைக்கும். அதில் ஒவ்வொரு 16 இன்ச்சுக்கும் சிவப்புக் கட்டம், 19.2 இன்ச்சுக்கு ஒருமுறை கறுப்பு வைரக் குறி. அமெரிக்காவில் மரச்சட்டம் நட்டுச் சுவர் எழுப்புகிறவர்களுக்கான அடையாளம் அது. 8 அடிப் பலகையை ஐந்தாகப் பிரித்தால் வருவது 19.2. செங்கல் சுவர் கட்டும் ஊரில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. சிவப்புக் கட்டத்தை அடிக்குறி என்று நினைத்துக்கொள்வதுதான் மிச்சம்.

வாங்குமுன் கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. இரு விளிம்பிலும் தனித்தனி அளவு அச்சாகியிருப்பதால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்கலாம். ஒரு இன்ச் என்பது 1959-லிருந்து சரியாக 25.4 மி.மீ. எனவே 5 அடிக் கோட்டுக்கு நேர் எதிரே 1524 இருக்க வேண்டும், 10 அடிக்கு எதிரே 3048. ஒரு மீட்டருக்கு எதிரே 39 இன்ச் 3 நூல் வரும், அங்கே வித்தியாசம் 0.13 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. இவற்றில் எதுவும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் அச்சு நழுவியிருக்கிறது, வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இரண்டும் சேர்ந்தே தப்பாக இருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது. அதற்கு 300 மி.மீ. ஸ்டீல் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பிளேடின் தொடக்கத்தில் ரோமன் எண் ஒன்று அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பிய வகைப்பாட்டின்படி அது துல்லிய வகுப்பு. இரண்டாம் வகுப்பு டேப்பில் 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை பிழை அனுமதி, மூன்றாம் வகுப்பில் 2.6 வரை. வீட்டு வேலைக்கு இரண்டாம் வகுப்பு போதும். இந்த அளவெல்லாம் 20 டிகிரி வெப்பத்துக்கு. 40 டிகிரியில் 5 மீட்டர் ஸ்டீல் பிளேடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே நீளும். மே மாத மொட்டைமாடியில் தொட்டால் சுடுகிற டேப்பை வைத்து அலுமினிய ஜன்னலுக்கு அளவு எடுப்பதைவிட, நிழலில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பது நல்லது.

கொக்கி லேசாக ஆடுகிறதே, பழுதா என்று பலர் கேட்பார்கள். ஆட வேண்டும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கியின் உட்பக்கம் பூஜ்யம். சுவரில் முட்டி அளக்கும்போது வெளிப்பக்கம் பூஜ்யம். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அது முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் இரண்டும் சரியாகும். கெடுவது எப்படி என்றால், 5 மீட்டரும் வெளியே இருக்கும்போது விட்டுவிட்டு 'சட்'டென்று உள்ளே ஓடவிடுவதால். ஒவ்வொரு மோதலிலும் ரிவெட் துளை நீள்வட்டமாகிக்கொண்டே போகும், ஆட்டம் 1 மி.மீ.யிலிருந்து 2 ஆகும். கடைசி அரை மீட்டரை விரலால் பிடித்து உள்ளே விட்டால் டேப்பின் ஆயுள் கூடும். சிமெண்ட் தூசியும் ஈரமும் உள்ள பிளேடை அப்படியே சுருட்டினால் முதல் 20 செ.மீ. எண்தான் முதலில் அழியும், நாம் அதிகம் படிப்பதும் அந்தப் பகுதிதான். நைலான் பூச்சு உள்ள பிளேடு இதில் நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது, வெறும் பெயிண்ட் அடித்தது ஒரு தளம் எழும்புவதற்குள் வெளுத்துவிடும்.

கொக்கி நம்பகமாக இல்லை என்றால் பிளேடின் நடுவிலிருந்து தொடங்கி அளப்பது ஆசாரிகளின் வழக்கம். மெட்ரிக்குக்கும் இன்ச்சுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே அப்பட்டமாகத் தெரியும். இன்ச் பக்கத்தில் 1-லிருந்து தொடங்கிவிட்டு, கடைசியில் ஒன்றைக் கழிக்க மறந்தால் பலகை ஒரு இன்ச் குறையும் அல்லது கூடும். 29 இன்ச்சும் 30 இன்ச்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் வெட்டிய பிறகுதான் தெரியும். மில்லிமீட்டர் பக்கத்தில் 100-லிருந்து தொடங்கினால், கழிக்க மறந்தாலும் பத்து சென்டிமீட்டர் பிசகு வெட்டும் முன்பே கண்ணில் குத்தும்.

கணக்கிலும் அப்படியே. 7 அடி 5 இன்ச் 3 நூல் உள்ள சுவரில் மூன்று சம அலமாரி வேண்டும். இன்ச்சில் போட்டால் 89 இன்ச் 3 நூலை மூன்றால் வகுத்து, 29 இன்ச் ஆறேகால் நூல் சொச்சம் என்று நிற்கும். மில்லிமீட்டரில் 2270, மூன்றால் வகுத்தால் 756, மீதி 2. அந்த இரண்டு மில்லிமீட்டரை, ஓரத்து இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டையில் தள்ளிவிட்டு வெட்டப் போகலாம்.

மரவேலையில் இன்ச்சை விட்டுவிடச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம், கடையில் இன்ச் பெயரில் விற்கிற பொருள் இன்ச்சாக இல்லை என்பது. '8-க்கு 4' பிளைவுட் 2440-க்கு 1220 மி.மீ. அது ஏறக்குறைய சரி. அதை '2 அடி' அகலத்தில் நாலு துண்டு என்று எழுதிக் கொடுத்தால், ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்னும். மூன்று வெட்டுக்கு 9 போக 2431, நாலால் வகுத்தால் 607.75. இரண்டு அடிக்கு 609.6 வேண்டும். கடைசித் துண்டு குறைந்தே தீரும். டிராயரைத் தாங்கி ஓடவைக்கும் சேனல் இன்னும் மோசம். '18 இன்ச்' என்று கேட்டு வாங்குவது 450 மி.மீ., உண்மையான 18 இன்ச் 457. '20 இன்ச்' என்பது 500, கணக்குப்படி 508. சேனலின் பின் துளையை இன்ச் டேப்பில் குறித்துவிட்டு மாட்டினால் 8 மி.மீ. தள்ளிப்போயிருக்கும்.

அதே சேனலின் கனம் மட்டும் பழைய அரை இன்ச்சேதான், 12.7 மி.மீ. இரு பக்கமும் சேர்த்து 25.4. திறப்பின் உள்ளளவு 564 என்றால் டிராயர் பெட்டியின் வெளி அகலம் 538 வையுங்கள், அதாவது 26 கழியுங்கள். சரியாக ஒரு இன்ச் கழித்துச் செய்து, பிறகு பெட்டியின் பக்கவாட்டில் 1 மி.மீ. மைக்கா ஒட்டினால் டிராயர் இறுகிக்கொள்ளும். சேனல் தரமில்லை என்று அதைக் கழற்றி மாற்றுகிறவர்கள் பாதிப்பேர் இந்த 2 மி.மீ.யைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மைக்கா ஒட்டுவதாக இருந்தால் கனத்தை முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இன்ச் விளிம்பு வேண்டுமா? வேண்டும். கொத்தனாரிடம் '9 இன்ச் சுவர், நாலரை இன்ச் சுவர்' என்றுதான் பேச முடியும், 230, 115 என்றால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். நாட்டுச் செங்கலே 9-க்கு நாலரைக்கு 3 இன்ச் என்ற கணக்கில் அறுத்தது. அறை அளவோ மனையடி சாஸ்திரத்தோடு கட்டுண்டது. 10 அடி, 11 அடி, 16 அடி என்று உள்கூடு பார்க்கும் வீட்டில் 3.35 மீட்டர் என்று சொல்லிப் பயனில்லை. நம்புகிறீர்களோ இல்லையோ, வீட்டுப் பெரியவர் டேப்பைப் பிடித்துப் பார்க்கத்தான் போகிறார். அவர் பார்ப்பது பூச்சுக்குப் பிறகு. உள்பூச்சு ஒரு பக்கத்துக்கு 12 மி.மீ. என்றால் இரு பக்கமும் 24, கிட்டத்தட்ட ஒரு இன்ச். ஆகவே செங்கல் முகத்துக்குச் செங்கல் முகம் 11 அடி 1 இன்ச் விட்டால்தான் பூசி முடித்து 11 அடி நிற்கும். வரைபடத்தில் 3350 என்று பொறியாளர் எழுதியிருந்தால் அது பூச்சுக்கு முன்பா பின்பா என்று அஸ்திவாரம் குறிக்கும் அன்றே கேட்டுவிடுங்கள்.

மூலை செங்கோணமா என்று பார்ப்பதற்கு எந்த அளவானாலும் ஒன்றுதான். இரு பக்கம் 3, 4 மீட்டர், குறுக்கே 5 மீட்டர் வரும் முக்கோணம் இந்த டேப்புக்குள் மட்டாக அடங்கும். அடியில் என்றால் 9, 12, 15.

கம்பிக்கு மெட்ரிக் தவிர வேறு பேச்சே இல்லாமல் போய்விட்டது நல்லது. 8, 10, 12, 16 மி.மீ. என்று வாங்குகிறோம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும், 12 மி.மீ. கம்பிக்கு 0.89. நீளம் மட்டும் வாய் வழக்கில் '40 அடிக் கம்பி'. வருவது 12 மீட்டர், அதாவது 39 அடி நாலரை இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. 40 அடியைத் துண்டாக்கிப் பட்டியல் போட்டால் கடைசித் துண்டில் ஏழரை இன்ச் குறையும். ஸ்லாப்பில் 150 மி.மீ. இடைவெளியை 6 இன்ச் என்று கட்டுவதில் 2.4 மி.மீ.தான் வித்தியாசம், அதற்குச் சண்டை வேண்டாம்.

டைல்ஸில் சண்டை போடலாம். '2-க்கு 2' என்று விற்பது 600-க்கு 600 மி.மீ. நாலு டைல்ஸ் உள்ள பெட்டியின் உண்மையான பரப்பு 1.44 சதுர மீட்டர், சதுர அடியில் 15.5. வாய்க்கணக்கில் அதை 16 என்பார்கள். 1000 சதுர அடித் தரைக்கு 16 என்று வகுத்தால் 63 பெட்டி, 15.5 என்று வகுத்தால் 65. வெட்டுச் சேதம் இதற்கு மேல் தனி. சதுர அடி விலை பேசும்போது பெட்டிக்கு எத்தனை சதுர அடி என்று கணக்கிடுகிறார்கள் என்பதைக் கேளுங்கள், 16 என்றால் நூற்றுக்கு மூன்று ரூபாய் காற்றுக்குப் போகிறது. பெட்டியின் மேலேயே சதுர மீட்டர் அச்சாகியிருக்கும், அதை 10.76-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். போடும்போதும் கவனம்: பத்து டைல்ஸ் வரிசை 20 அடி வராது. இடைவெளி விடாமல் போட்டால் 6 மீட்டர், 20 அடிக்கு 96 மி.மீ. குறைவு. சுவர் ஓரத்தில் உள்ளங்கை அகலத் துண்டு ஒட்ட வேண்டி வருவது இதனால்தான்.

குழாயில் டேப்பை வைத்து எதையும் சரிபார்க்க நினைக்காதீர்கள். 'அரை இன்ச்' என்பது அங்கே பெயர், அளவு இல்லை. அரை இன்ச் டாப்பின் மரை வெளிவிட்டம் 21 மி.மீ. அளவில் இருக்கும். அரை இன்ச் சி.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 15.9. 20 மி.மீ., 25 மி.மீ. என்று மெட்ரிக்கில் விற்கும் பி.வி.சி. குழாய்க்கு அந்த எண்ணே வெளிவிட்டம். 110 மி.மீ. குழாயைத்தான் '4 இன்ச்' என்கிறோம். ஒரு வகைக் குழாய்க்கு இன்னொரு வகை ஃபிட்டிங் கேட்டு வாங்கினால் பசை எவ்வளவு தடவினாலும் நிற்காது.

இடம் அளக்க இந்த டேப் போதாது, 30 மீட்டர் ஃபைபர் டேப் தனியாக வேண்டும். ஆனால் அலகுச் சிக்கல் அங்கும் அதேதான். பட்டாவில் ஹெக்டேர், ஏர். பேச்சில் சென்ட், கிரவுண்ட். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, ஐந்தரைச் சென்ட். புலப்பட வரைபடத்தில் 18.2 மீட்டர் என்று இருப்பதை 'அறுபது அடி' என்று சுருக்கினால் மூன்றரை இன்ச் அடுத்தவர் நிலத்தில் ஏறுகிறது. 1956-லேயே மெட்ரிக் சட்டம் வந்த நாட்டில் டி.வி. விளம்பரத்தில்கூட '80 செ.மீ.' என்று முதலில் போட்டுவிட்டு அடைப்புக்குள் 32 இன்ச் போடுகிறார்கள். மனைப் பேச்சு மட்டும் அசைவதாக இல்லை.

ஆக யார் எதை வாங்கலாம்? வீடு கட்டிக்கொண்டு மேஸ்திரியிடமும் கிச்சன்காரரிடமும் மாறி மாறிப் பேச வேண்டியவருக்கு இந்த இரட்டை அளவு 5 மீட்டர் டேப் சரி. கூடம் 16 அடிக்கு மேல் என்றால் 25 மி.மீ. பிளேடு உள்ள 8 மீட்டர். கொஞ்சம் கனம் அதிகம், ஆனால் அகலப் பிளேடு மடங்காமல் இன்னும் நீளமாக நீட்டி நிற்பதால் தனியாளாக அளக்க முடியும். பிளைவுட் வெட்டுகிற கை என்றால் இரண்டு விளிம்பிலும் மில்லிமீட்டரே உள்ள டேப் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். சில்லறைக் கடையில் கிடைப்பது அரிது, கருவிக் கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். அதுவரை, இன்ச் விளிம்பின் மேல் முதல் ஒரு மீட்டருக்கு மெல்லிய டேப் ஒட்டி மறைத்துவிட்டு வேலை செய்கிறவர்களும் உண்டு, அது நல்ல யோசனைதான். ஒட்டு கனமாக இருந்தால் பிளேடு உறையின் வாயில் சிக்கும், மெல்லியதாகப் பார்த்து ஒட்டுங்கள்.

எதை வாங்கினாலும், அளவு எடுக்கிறவர் கையில் ஒரு டேப், வெட்டுகிறவர் கையில் வேறொன்று என்று இருந்தால் வேலை தொடங்கும் அன்று காலையில் இரண்டையும் ஒரே மேசை விளிம்பில் மாட்டி 2 மீட்டர் வரை ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கோடு பிசகினால், வேலை முடியும் வரை அளக்கவும் வெட்டவும் ஒரே டேப்பைக் கைமாற்றிக்கொள்ளுங்கள்.